மாமன் சொல்லி அனுப்பியது

போன மாதம் எங்கள் கம்பெனியில் ஒரு வயதான பியூனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதை அவரிடம் சொல்லும் பொறுப்பை ஹெட் கிளார்க் என்மேல் தள்ளப் பார்த்தார். உனக்குத்தான் நயமாகப் பேச வருமே, பக்குவமாகச் சொல்லிவிடு என்றார். நான் மாட்டேன் என்றேன். நிறுத்துவதென்று தீர்மானித்தவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள், வேண்டுமானால் நானும் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். அவர் என்னைத் திமிர் பிடித்தவன் என்றார். அன்று சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது உங்களில் இரண்டு பேரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னீர்கள். அப்போது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நமக்கும் முப்பதை நெருங்குகிறது. இனியும் மறைத்து வைக்க என்ன இருக்கிறது?

நாம் எல்லோரும் ராயபுரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பாயில் உட்கார்ந்து அரிச்சுவடி படித்தவர்கள். நம்மில் பாதிப்பேர் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். அதனால் பெரியவர்களுடைய சொல்லைச் சுமக்கிற வேலை நமக்கு வந்து சேர்ந்தது. ரங்கூன் கடுதாசியை உரக்கப் படித்துக் காட்டியவர்கள் உண்டு. துரைக்கு மனு எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. நான் சுமந்தது ஐம்பது அடி தூரம்தான்.

என் நைனாவும் அம்மாவின் தம்பியான என் மாமனும் துறைமுகத்தில் ஒரே கூட்டத்தில் வேலை செய்தார்கள். மாமன் கப்பலின் மேல்தட்டில் வின்ச்சு என்ற பாரந்தூக்கி எந்திரத்தை ஓட்டுவார். நைனா சரக்கு ஏறி இறங்கும் திறப்பான கப்பலின் வாயருகே நின்று கைகாட்டுவார். அடித்தளத்தில் மூட்டையோ மரமோ கயிற்றில் கட்டுவது வின்ச்சுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. நைனா குனிந்து பார்த்து, ஏற்று என்றால் விரலைச் சுழற்றுவார், இறக்கு என்றால் உள்ளங்கையைத் தாழ்த்துவார், நிறுத்து என்றால் முஷ்டி பிடிப்பார். நைனாவின் கைதான் மாமனுக்குக் கண். சரக்கைக் கரைக்குத் திருப்புகிற பக்கத்தில், வின்ச்சுக்கு நேராக, சுண்டுவிரல் அசைந்தாலும் தெரிகிற இடத்தில் நைனா நிற்பார். மேஸ்திரி அவர்களை ஒரு ஜோடி மாடு என்று கேலி செய்வாராம்.

மாமனுக்குக் கலியாணம் ஆகவில்லை. எங்கள் முற்றத்துக்கு எதிர் அறையில் இருந்தார். அம்மா பொங்குவதுதான் அவருக்கும். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் பெரிய பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு துறைமுக வாசலுக்கு ஓடுவேன். கரித்தூளும் தாரும் வெல்லமும் கருவாடும் கலந்த அந்த வாடை இன்றும் எந்த ரயிலடியில் அடித்தாலும் எனக்குப் பசிக்கிறது. இருவரும் மதில் நிழலில் உட்கார்ந்து ஒரே தூக்கில் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். மீனின் நடுத்துண்டு யாருக்கு என்று சண்டை வரும். கடைசியில் அது எனக்கு வரும்.

ஒரு வருஷம் தைமாதம் என் தங்கச்சிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதுதானே நம் வழக்கம். மாமன் பத்து நாளைக்கு முன்பே பட்டுப்பாவாடையும் கம்மலும் வாங்கி, தினம் ஒருதரம் எடுத்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் பார்த்து ஒரு கப்பல் அவசரம் என்று இருவரையும் கூப்பிட்டுவிட்டார்கள். நைனா கெஞ்சி முன்னால் வந்துவிட்டார். வின்ச்சை விட்டுவிட்டு வர மாமனால் முடியவில்லை. நல்ல நேரம் போகிறது என்று உறவுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். அம்மா இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். நைனா பொறுக்கவில்லை. தன் அண்ணன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்தச் சொல்லிவிட்டார்.

மாமன் கரிபடிந்த முகத்தோடு ஓடிவந்தபோது தங்கச்சி அழுது முடித்துப் பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவர் பாவாடை மூட்டையை அம்மா கையில் கொடுத்தார். "நான் இன்னும் சாவலியே மாமா" என்று மட்டும் நைனாவிடம் சொன்னார். தப்புதான் என்று நைனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கும் மனசு குறுகுறுத்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் கூடியிருந்தவர்கள் எதிரில் அது வாயில் வரவில்லை. "நேரம் உனக்காவக் காத்துகினு இருக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது.

வேலை நிற்கவில்லை. அதுதான் கேடாகப் போயிற்று. கை பேசுகிற தொழில் அது. வாய் பேசாமலே நாள் முழுக்கக் கப்பலைக் காலிசெய்துவிடலாம். நைனா மட்டும் இடத்தை மாற்றிக்கொண்டார். மாமன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், கப்பல் வாயின் கடற்பக்கம் போய் நின்று, தூரத்திலிருந்து பெரிதாகக் கை வீசினார். மேஸ்திரிக்கு வேலை நடந்தால் போதும். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் தூக்கு இரண்டானது. நைனா மதில் நிழலில் சாப்பிட்டார். மாமன் ஐம்பது அடி தள்ளி, நிற்கிற கூட்ஸ் வண்டி நிழலில் சாப்பிட்டார். இடையில் நான். முதல் வாரத்திலேயே சேதி சுமக்க ஆரம்பித்துவிட்டேன். "நீ படிக்கிற பையன், ஒரு எயுத்து மாறாம சொல்லணும்" என்று மாமன் என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஓர் எழுத்து மாறாமல்தான் முதலில் சொன்னேன். கடற்பக்கம் நின்று கைகாட்டினால் வெயில் கண்ணில் அடிக்கிறது, கையை உயரத் தூக்கச் சொல் என்று மாமன் ஒருநாள் சொல்லி அனுப்பினார். வேலை விஷயம், நியாயமான விஷயம். நைனா அதைக் கேட்டதும் தூக்கைக் காலால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். இருபது வருஷமாகக் கை தூக்குகிறவனுக்கு இவன் பாடம் சொல்லுகிறானா என்றார். சோறெல்லாம் ஜல்லியில் கொட்டியது. காக்கைகள் வந்தன. அன்று நைனா பட்டினியாக வேலைக்குத் திரும்பினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து நைனாவுக்கு மறுபடி உலை வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். வேலைப் பேச்சை இனிச் சுமப்பதில்லை. கோபப் பேச்சை மாற்றிச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இன்சொல்லைப் பற்றி நீட்டி முழக்கிப் பாடம் நடத்திய காலம் அது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நான் அதை நிஜமாக நம்பினேன். உங்கள் ஆடு என் வேட்டியைத் தின்றுவிட்டது என்று மாமன் கத்தி அனுப்பினால், ஆட்டுக்குத் தழை இருக்கிறதா என்று மாமன் கேட்டார் என்பேன். அவனுக்கு என்ன அக்கறை என்று நைனா உறுமினால், நல்லா கீறாரான்னு நைனா கேட்டாரு என்பேன். ஐம்பது அடி நடப்பதற்குள் வார்த்தைகளைத் தேய்த்துக் கழுவி வைத்துக்கொள்வேன். மெல்ல மெல்ல இரண்டு முகமும் இளகின. நைனா ஒருநாள் தானாகவே, "உன் மாமன் துன்னானா?" என்று கேட்டார். எனக்கு ஒன்பது வயது. ஒரு குடும்பத்தையே நான் சேர்த்து வைக்கிறேன் என்று நினைத்து, கூட்ஸ் வண்டிகளுக்கு நடுவே குதித்துக்கொண்டு போனேன்.

மாசிமாதம் தேக்குமரம் ஏற்றிய ஒரு பழைய கப்பல் வந்தது. நாலாவது நாள் மத்தியானம் நான் தூக்கை வைத்ததும் மாமன் சாப்பிடாமல் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் சொன்னது இது. பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கே சொல்லிக்கொண்டதால் மாறாமல் நினைவிருக்கிறது.

"உங்க நைனாகிட்ட சொல்லு. ரெண்டாம் வின்ச்சு பிரேக்கு வயுக்குது. மேஸ்திரிகிட்ட சொன்னா, நாளைக்குக் கப்பல் பூடும், ஓட்டுங்கிறான். கரைப்பக்கம் வந்து நின்னுகினு வீரம் காட்ட வேணாம்னு சொல்லு. மரம் மேல வியுந்து செத்தாருன்னா எங்க அக்கா தாலிதான் போவும். எனக்கு ஒரு மசுரும் கெடையாது."

பிரேக்கு வேலைப் பேச்சு. மாமன் எந்தக் கப்பலில் ஏறினாலும் அதன் வின்ச்சைத் திட்டுகிறவர். மிச்சம் எல்லாம் வசவு. அதிலும் தாலி, சாவு என்ற வார்த்தைகளை நைனா காதில் போட்டால் இத்தனை நாள் கட்டியது இடிந்துபோகும். ஐம்பது அடி நடந்தேன். நைனா எதிரில் உட்கார்ந்து சொன்னேன்:

"மாமா உன்னை ஜாக்கிரதையா வேலை செய்யச் சொன்னாரு நைனா. உனக்கு ஒண்ணுன்னா அக்காவுக்கு யாரு கீறாங்கன்னு சொன்னாரு."

நைனா வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் திரும்பத் தூக்கில் வைத்தார். "அப்டியா சொன்னான்?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு தன் தூக்கிலிருந்த வறுத்த மீனை, நடுத்துண்டை, மூடியில் எடுத்து வைத்து, மாமனுக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன். மாமன் மீனைப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டியா?" என்றார். சொல்லிட்டேன் என்றேன். "இன்னா சொன்னாரு?" சரின்னாரு என்றேன்.

நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அன்று பெருக்கல் வாய்ப்பாடு. நான் தப்பில்லாமல் ஒப்பித்தேன்.

மேஸ்திரி சொல்லித்தான் மற்றது தெரியும். சாப்பாடு முடிந்து மேலே ஏறியதும் நைனா நாற்பது நாளாக நின்ற கடற்பக்கத்தை விட்டுக் கரைப்பக்கம் வந்தாராம். பழைய இடத்தில், வின்ச்சுக்கு நேராக நின்று, மாமனைப் பார்த்து லேசாகச் சிரித்தாராம். ஜோடி சேர்ந்துவிட்டது என்று மேஸ்திரிகூட நினைத்துக்கொண்டாராம். மூன்றாவது கட்டு மேலே வரும்போது வின்ச்சு பிடிக்கவில்லை. மரம் ஓர் ஆள் உயரம் சரிந்து, ஆடி வந்து, கப்பல் வாயின் இரும்பு விளிம்பில் மோதியது. அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது நைனாவின் வலது கை.

ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மாமன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் காலருகே நின்றார். நாற்பது நாளுக்குப் பிறகு அவர் நைனாவிடம் நேரில் பேசினார். "நான்தான் சொல்லி அனுப்பினேனே மாமா. பிரேக்கு சரியில்ல, கரைப்பக்கம் வராதன்னு. அப்புறம் இன்னாத்துக்கு வந்தே?" என்றார்.

நைனா தலையணையிலிருந்து முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். "உன் மாமன் இன்னா சொல்லி அனுப்பினான்? நீ சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள். மாமன் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டுப்போட்ட கை என்னால் போனதாகிவிடும் என்பது எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது.

"ஜாக்கிரதையா வேலை செய்யச் சொன்னாரு" என்றேன்.

மாமன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பையன் பொய் சொல்கிறான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே அழுது ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. நைனா மாமனைப் பார்த்து, "போடா, கண்ணெதுர நிக்காதே" என்றார். மாமன் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது டிராமில் அம்மா என் கன்னத்தைத் திருப்பிப் பிடித்து, நிஜமாக மாமன் என்ன சொன்னான் என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராயபுரத்தில் இறங்கிய பிறகு சொன்னாள்: "இத்த யார்கிட்டயும் சொல்லாதே. உங்க நைனாவுக்கு ஒரு ஆள்மேல கோவம் இருந்தாப் போதும். பெத்த புள்ளமேல வேணாம்."

என்னைக் காப்பாற்றத் தன் கூடப்பிறந்தவனைக் கொடுத்தாள். அப்போது எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அவள் செய்தது தப்பு என்று இன்று சொல்ல முடிகிறது, ஆனால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

கூட்டத்துக்காரர்கள் யாரும் மாமனோடு வேலை செய்ய ஒப்பவில்லை. அக்கா புருசன்மேலே மரத்தைப் போட்டவன் என்று பேர் வந்துவிட்டது. பங்குனி பிறப்பதற்குள் அவர் எண்ணூருக்கு உப்பளத்து வேலைக்குப் போய்விட்டார். நைனா தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்குக்குக் காவல்காரர் ஆனார். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவார். நான் படித்தேன். உங்களோடு பரீட்சை எழுதினேன். தீபாவளிக்குத் தீபாவளி எண்ணூரிலிருந்து ஒரு பை உப்பு யார் கையிலாவது வரும். அம்மா அதை வாங்கி, நைனா பார்க்காமல் ஜாடியில் கொட்டிவைப்பாள்.

பதினோரு வருஷம் கழித்து அம்மா காய்ச்சலில் போனாள். உங்களில் சிலர் அன்று வந்திருந்தீர்கள். மாமன் பிறந்தவீட்டுக் கோடியோடு தெருவில் வந்து நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அரக்குச் சிவப்பில் புதுப்புடவை. நைனா வாசலை மறித்து நின்றார். "அவன் கொண்டாந்த துணி அவமேல படக்கூடாது" என்றார். பெரியவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். மாமன் வாதாடவில்லை. புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு, மயானம் வரைக்கும் கூட்டத்துக்கு நூறடி பின்னாலேயே நடந்து வந்தார். நான் கொள்ளிச்சட்டி தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் அன்று பார்த்த சண்டையின் காரணம் சட்டியைச் சுமந்துகொண்டு உங்கள் எதிரிலேயே போயிற்று.

காரியம் முடிந்த மறுநாள் காலை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, நைனா எதிரில் போய் உட்கார்ந்தேன். என்னென்னவோ முகவுரை யோசித்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். "அன்னிக்கு மாமா சொன்னத நான் உன்கிட்ட சொல்லல நைனா. மாத்திச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலயும் பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. "அவன் இன்னா சொன்னானோ அத்த அப்டியே சொல்லு" என்றார். சொன்னேன். பிரேக்குன்னு சொன்னானா என்றார். சொன்னாரு என்றேன். கரைப்பக்கம்னு? அதுவும் சொன்னாரு. அக்கா தாலி, எனக்கு ஒரு மசுரும் கெடையாது என்ற இடம் வந்தபோது நைனாவின் வாய் கோணியது. "அது அவன் பேச்சுதான்" என்றார். இடது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். என்னை அவர் அன்று முழுக்கத் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது, எண்ணூருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

உப்பளத்துக் கண்ணாடி வெயிலில் மாமனைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆயிற்று. முடி வெளுத்திருந்தது. கால் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகக் கோடு கோடாகத் தங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு, ஓலைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ப் பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். நைனா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"அந்தப் புடவை கீதா?" என்றார்.

"அன்னிக்கே திருவொத்தியூராண்ட கடல்ல வுட்டேன் மாமா. அக்காவுக்கு எடுத்தத வேற யாருக்குக் குடுப்பேன்?"

நைனா செம்பைக் கீழே வைத்தார். "பையன் சொன்னான் மச்சான். நீ சொன்னத அவன் மாத்திச் சொல்லிட்டானாம். தெரியாமப் போச்சு. இத்தினி வருசம் உன் தலைமேல போட்டுட்டேன்."

மாமன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை.

"எனக்கு அன்னிக்கே தெரியும். அவன் மூஞ்சியிலயே எயுதியிருந்துச்சு. அவனுக்கு ஒம்போது வயசு மாமா. நம்பளுக்கு அப்போ இன்னா வயசு?"

நைனா இடது கையால் வலது முழங்கையைத் தடவினார்.

"நீ கரைப்பக்கம் வந்து நின்னத நான் பாத்தேன்" என்றார் மாமன். "சொல்லியும் வந்து நிக்கிறாரு, வீம்புக்கு நிக்கிறாருன்னு நெனச்சேன். வின்ச்ச நிறுத்தியிருக்கலாம். தள்ளி நில்லு மாமான்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். பத்தடி தூரம்தான். வாய் வரல மாமா. நீ மொதல்ல பேசட்டும்னு இருந்தேன்."

நைனா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். மாமனும் எதிரில் உட்கார்ந்தார். சொல்லவேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. சொல்லிக் கேட்கவேண்டியவள் போய்ச் சேர்ந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. பட்டணத்து ரயில் வந்து, கூவிவிட்டு, எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. மூவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.